ஒரு பாட்டில் ரத்தம் எங்கே போகிறது?

கண்ணாடி பாட்டில் காலம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் இன்றைக்கும் "ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தணுமாம்" என்றுதான் பேச்சு. சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நினைப்புதான் தொல்லை. ரத்தம் என்பது பால் மாதிரி ஒரே பொருள், இவரிடம் எடுத்து அவருக்கு ஊற்றிவிடலாம் என்ற நினைப்பு. ரத்த வங்கி கவுன்ட்டரில் நடக்கும் சண்டைகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. "சிவப்பா ரத்தம் கொடுத்தோம், மஞ்சளா ஏதோ தர்றீங்களே?" "ஃப்ரெஷ்ஷா கேட்டா இருபது நாள் பழசைக் கொடுக்கிறீங்களே?" "பிரிட்ஜில்தானே வைப்பாங்க, இதை ஏன் வெளியே வைத்து ஆட்டிக்கிட்டு இருக்கீங்க?"

கேள்விகள் நியாயமானவைதான். பதில் சொல்ல, கொடையாளர் கையிலிருந்து பை கழன்றதும் அதற்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம் நாட்டில் வழக்கமாக எடுப்பது 350 மி.லி. எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மி.லி.யும் எடுக்கலாம். 350 மி.லி. பையில் 49 மி.லி. சிபிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் காக்கும் திரவம் முன்பே ஊற்றப்பட்டு வரும், 100 மி.லி. ரத்தத்துக்கு 14 மி.லி. என்று கணக்கு. அதில் இருக்கும் சிட்ரேட்தான் முக்கியமான ஆள். ரத்தம் உறையக் கால்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறைதல் முதல் படிகளிலேயே நின்றுவிடும். டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுவுக்குச் சாப்பாடு. அடினின் அதன் சக்திக் கையிருப்பு தீராமல் பார்த்துக்கொள்ளும். 1914-15 வாக்கில் சிட்ரேட்டின் பயன் தெரிய வரும்வரை, கொடுப்பவரையும் வாங்குபவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து உடனுக்குடன் ஏற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ரத்த 'வங்கி' என்ற ஒன்று சாத்தியமானதே இந்த உப்பால்தான்.

கணக்கு தவறினால் இரண்டு பக்கமும் இடி. ரத்தம் பாதியில் நின்று பை குறைவாக நிரம்பினால் சிட்ரேட் மிஞ்சும். அதிகமாக நிரம்பினால் சிட்ரேட் போதாமல் உள்ளே கட்டி விழும். அதனால்தான் பையை எடை பார்த்தபடி மெல்ல ஆட்டும் கருவியின் மேல் வைக்கிறார்கள். 1 மி.லி. ரத்தம் ஏறத்தாழ 1.05 கிராம். ஊசி 16 கேஜ், நல்ல தடிமன். நரம்பு சரியாகக் கிடைத்தால் பத்து நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். சொட்டுச் சொட்டாக இறங்கி 15 நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பையிலிருந்து பிளேட்லெட் (ரத்தக்கசிவை அடைக்கும் நுண் துண்டுகள்) எடுப்பதில்லை. குழாயில் தேங்கிய ரத்தத்தில் உறைதல் லேசாகத் தொடங்கியிருக்கும், முதலில் வீணாவது பிளேட்லெட்தான்.

அடுத்து சென்ட்ரிஃபியூஜ், அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் இயந்திரம். அரிசி களைந்த பாத்திரத்தை அசையாமல் வைத்தால் அரிசி அடியிலும் கழுநீர் மேலேயும் நிற்கும் அல்லவா, அதே வேலையைச் சுழற்றி வேகப்படுத்துகிறோம். கனமான சிவப்பணு அடியில், அதன்மேல் நூல் போல வெளிறிய ஒரு வெள்ளையணுப் படலம், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. மேலோட்டமாகச் சொன்னால் 55 சதவீதம் பிளாஸ்மா, 45 சதவீதம் சிவப்பணு. வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து ஒரு சதவீதம்கூடத் தேறாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளேட்லெட் 2-3 மைக்ரான்தான், இருப்பவற்றில் சின்னது. 2000 ஜி (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு) அளவில் மூன்று நிமிடம் மெல்லச் சுற்றினால் சிவப்பணு அடியில் போய்விடும், பிளேட்லெட் மட்டும் பிளாஸ்மாவிலேயே மிதக்கும். அந்தப் பிளாஸ்மாவை மூடிய குழாய் வழியே அடுத்த பைக்குத் தள்ளிவிட்டு, 5000 ஜி அளவில் ஐந்து நிமிடம் பலமாகச் சுற்றினால் இப்போது பிளேட்லெட் அடியில் படியும். மேலே உள்ள பிளாஸ்மாவை மூன்றாவது பைக்கு அனுப்பி, 50-70 மி.லி.யை மட்டும் பிளேட்லெட்டோடு விட்டுவைப்பார்கள். (முதலிலேயே பலமாகச் சுற்றி நடுப்படலத்திலிருந்து பிளேட்லெட் எடுக்கும் முறையும் உண்டு.) இயந்திரத்தில் பைகளை வைக்கும் எதிரெதிர் வாளிகள் சம எடையில் இல்லாவிட்டால் இயந்திரம் குலுங்கும், குலுங்கினால் படிந்த படலம் கலங்கும். நின்ற பிறகு பையை வெடுக்கென்று தூக்கினாலும் அதே கதி, சிவப்பணு கலந்து பிளேட்லெட் பை ரோஸ் நிறமாகிவிடும்.

பிரித்த பிறகு மூன்றும் மூன்று ஊருக்குப் போகின்றன. சிவப்பணு 2 முதல் 6 டிகிரி பிரிட்ஜுக்கு; சிபிடிஏ பையில் 35 நாள், எஸ்ஏஜிஎம் என்ற கூடுதல் திரவம் சேர்த்தால் 42 நாள். பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரிக்கு, ஒரு வருடம். பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில் ஓயாத ஆட்டத்தோடு, ஐந்தே நாள். முழு ரத்தமாக அப்படியே பிரிட்ஜில் வைத்தால் சிவப்பணு பிழைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பெயருக்குத்தான் இருக்கும்.

சிவப்பணு பற்றிப் பள்ளிப் பாடத்திலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள். நடுவில் குழிந்த தட்டு, உட்கரு கிடையாது, ஆயுள் 120 நாள். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். ஹீமோகுளோபின் 15 (100 மி.லி.க்கு 15 கிராம்) உள்ளவரின் 100 மி.லி. ரத்தம் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் சுமக்கிறது. அதே 100 மி.லி.யில் பிளாஸ்மாவில் தானாகக் கரைவது 0.3 மி.லி. மட்டுமே. மீதியெல்லாம் சிவப்பணுவின் உழைப்பு.

450 மி.லி. பையிலிருந்து எடுத்த ஒரு யூனிட் சிவப்பணு, பெரியவர் ஒருவருக்கு ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். ரத்தப்போக்கு இல்லாமல் நிலையாக இருக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு 7 கிராமுக்குக் கீழே போனால்தான் ஏற்றுவது பற்றியே பேச்சு. "ஒன்பதுதான் இருக்கு, தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று கேட்பது இன்னும் நடக்கிறது. சத்து டானிக் போல நினைத்துவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையால் சரியாகக்கூடியதை, இன்னொருவருடைய அணுக்களை ஏற்றிச் சரிசெய்யக் கூடாது. ஒவ்வொரு யூனிட்டோடும் 200 மி.கி. அளவில் இரும்பு உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடம்பில் வழியே இல்லை. பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் ரத்தம் ஏற்றும்போது இதயத்திலும் ஈரலிலும் இரும்பு படிவது இப்படித்தான்.

'ஃப்ரெஷ் பிளட்' விஷயத்துக்கு வருவோம். சேமிப்பில் சிவப்பணு மாறத்தான் செய்கிறது. பொட்டாசியம் வெளியே கசியும். ஆக்சிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் 2,3-டிபிஜி இரண்டு வாரத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். ஆனால் நோயாளி உடம்புக்குள் போனபின் ஓரிரு நாளில் மறுபடி ஊறிவிடுகிறது. 2015, 2016 ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகளில், புதிய யூனிட் ஏற்றியவர்கள் பழையதை ஏற்றியவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. பச்சைக்குழந்தைக்கு ரத்தம் மாற்றுவது போன்ற சில இடங்களில் பொட்டாசியத்தை எண்ணிப் புதிதாகக் கேட்பதில் அர்த்தம் உண்டு. மற்றபடி சூடு ஆறாத ரத்தம் என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகளும் முடியாத ரத்தம் என்று பொருள். அதைக் கேட்டு வாங்க என்ன இருக்கிறது?

பை கைக்கு வந்த பிறகு கெடுவதும் உண்டு. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துக் கொண்டுபோனால் தொட்ட இடத்தில் உறைந்து அணுக்கள் உடையும். வார்டு பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தாலும், சீக்கிரம் சூடாகட்டும் என்று வெந்நீரில் போட்டாலும் அதேதான். வெளியே எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதே குழாயில் நார்மல் சலைன் தவிர எதுவும் போகக் கூடாது. ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது, சிட்ரேட்டின் வேலையைக் கெடுத்துக் கட்டி விழச் செய்யும். டெக்ஸ்ட்ரோஸ் கலந்தால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும், உடையும். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. ஊசியைப் பிடுங்கிவிடாமல் சலைன் ஓட விட வேண்டும்.

இப்போது பிளேட்லெட். இது ஒரு முழு அணுகூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ராட்சத அணு ஒன்றிலிருந்து பிய்ந்து வந்த துண்டு. ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் முதலில் போய் ஒட்டுவது இதுதான். பிறகு ஃபைப்ரின் என்ற புரத இழை வலை வந்து அதை இறுக்கிக் கட்டும்.

குளிர் இதற்கு ஆகாது. பிரிட்ஜில் வைத்த பிளேட்லெட் தட்டு வடிவம் போய் உருண்டையாகிவிடும். ஏற்றினால் ஈரல் சில மணி நேரத்தில் பிடித்துத் தின்றுவிடும். அதனால்தான் 22 டிகிரியில், ஆக்சிஜன் உள்ளே புகும் தனி வகை பிளாஸ்டிக் பையில் வைத்து ஆட்டுகிறார்கள். ஆட்டம் நின்றால் உள்ளே லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கும். அந்த வெதுவெதுப்பு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும் என்பதால்தான் ஐந்து நாள் கெடு. நல்ல பையா என்று கண்ணாலேயே பார்க்கலாம்: டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்பினால் உள்ளே பட்டுத்துணி அசைவது போல ஒரு மினுமினுப்பு சுழன்று நகரும். தட்டுகள் ஒளியைத் திருப்புவதால் வருவது அது. உருண்டையாகிப்போனதில் அந்தச் சுழல் இருக்காது, வெறும் கலங்கலாகத் தெரியும்.

ஆஸ்பிரின் போட்டவரின் பிளேட்லெட் ஆயுள் முழுக்க அரைகுறைதான். உட்கரு இல்லாததால் முடங்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். உங்கள் சிவப்பணுவும் பிளாஸ்மாவும் பயன்படும்.

ஒரு பையிலிருந்து பிரித்த பிளேட்லெட், நோயாளியின் எண்ணிக்கையை 5,000 முதல் 10,000 வரை கூட்டும். ஒரே கொடையாளரை இயந்திரத்தில் இணைத்து எடுக்கும் எஸ்டிபி 30,000 முதல் 50,000 வரை. டெங்கு சீசனில் எல்லோரும் எஸ்டிபிக்கு அலைவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆனால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி வீண். டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. காய்ச்சல் இறங்கும் சமயத்தில், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், நுண்குழாய்கள் ஒழுகத் தொடங்கும். நீர் வெளியேற ரத்தம் கெட்டியாகும். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய வரி 'பிசிவி', அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம். அது வழக்கமாக ஹீமோகுளோபினின் மூன்று மடங்கு இருக்கும்; ஹீமோகுளோபின் 13 என்றால் 39 அளவில். அந்த நோயாளியின் வழக்கமான பிசிவியைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது. 39 இருந்தவருக்கு 47 ஆனால் அவர் ஆபத்தில் இருக்கிறார், பிளேட்லெட் 80,000 இருந்தாலும். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, மேல் கீழ் ரத்த அழுத்த வித்தியாசம் 20க்குக் குறைவது இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை அளந்து ஏற்றும் திரவம். பிளேட்லெட் 20,000க்குக் கீழே இருந்தும் ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியானது. ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. பப்பாளி இலைச் சாறு குடித்து எண்ணிக்கை ஏறியதாகச் சொல்பவர்களுக்கு ஒன்று: காய்ச்சல் போன சில நாளில் அது தானாகவே ஏறும்.

இன்னொரு பொய்ப் பயமும் உண்டு. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடி குழாயில் உள்ள ஈடிடிஏ என்ற உறைவுத் தடுப்பி, சிலருடைய பிளேட்லெட்டைக் குழாய்க்குள்ளேயே கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும். இயந்திரம் கொத்தை எண்ணாது. 18,000 என்று அச்சடித்துத் தந்துவிடும். காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு புள்ளி இல்லை, எண்ணிக்கை மட்டும் பாதாளம் என்றால் ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டு பத்து தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டாலும் இதே மாதிரி பொய் எண் வரும்.

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு புரதம். ஆல்புமின் தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும். குளோபுலின்களில் ஒரு பகுதி நோய் எதிர்ப்புக்கு. ஃபைப்ரினோஜனும் மற்ற காரணிகளும் உறைவதற்கு. உறைந்து முடிந்தபின் மிஞ்சும் நீர்தான் சீரம். எண் போட்டு அழைக்கும் இந்த உறைதல் காரணிகளில் ஐந்தும் எட்டும் சீக்கிரம் கெடும். எடுத்த எட்டு மணி நேரத்துக்குள் உறையவைக்க வேண்டும் என்று அடித்துக்கொள்வது இவற்றுக்காகத்தான். உறைந்த பை கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் விரிசல் விடும். 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக அரை மணி ஆகும், அவசரப்படுத்தினால் புரதம் வெந்துவிடும். கவுன்ட்டரில் காத்திருக்கச் சொல்வது சோம்பலால் இல்லை.

அளவு விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தேவை உடல் எடையில் கிலோவுக்கு 10-15 மி.லி. 60 கிலோ ஆளுக்கு 600 மி.லி.யாவது வேண்டும், அதாவது நான்கு பை. ஒரே ஒரு பை ஏற்றுவது கொடையாளரையும் நோயாளியையும் சேர்த்து ஏமாற்றுவது. எழுதும் டாக்டர்களைத்தான் சொல்கிறேன். உறைந்த பிளாஸ்மாவை 4 டிகிரியில் மெதுவாக உருக்கினால் அடியில் வெள்ளையாக ஒரு கூழ் நிற்கும். 15-20 மி.லி.தான் தேறும், அதுவே கிரையோ. ஃபைப்ரினோஜனும் எட்டாம் காரணியும் அதில் செறிந்திருக்கும். ஒன்பதாம் காரணி இல்லை. அந்தக் காரணி குறைந்த ஹீமோபிலியா பி நோயாளிக்குக் கிரையோ ஏற்றிப் பயனில்லை.

பிளாஸ்மாவின் நிறம் கொடையாளரைக் காட்டிக்கொடுக்கும். பால் போல வெளுத்திருந்தால் கொஞ்ச நேரம் முன்பு பிரியாணியோ பரோட்டாவோ உள்ளே போயிருக்கிறது. அந்தப் பிளாஸ்மாவை ஒதுக்கிவிடுவார்கள். வெறும் வயிற்றோடும் வரக் கூடாது. இட்லி, இடியாப்பம் மாதிரி எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டு வருவதே நல்லது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களின் பிளாஸ்மா சிலசமயம் பச்சையாக இருக்கும். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் கெடுதல் இல்லை.

வெள்ளையணு எண்ணிக்கை 4,000 முதல் 11,000. மொத்த எண்ணைவிட அதன் பங்குதான் கதை சொல்லும். மொத்தம் 3,200, அதில் பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வகை 10 சதவீதம் என்றால் கையில் இருப்பது 320 மட்டுமே. 500க்குக் கீழே சாதாரணக் காய்ச்சலும் அவசர சிகிச்சைக்குரியது. உடம்புக்குள் காவலாக இருக்கும் இதே அணு, ரத்தப் பையில் வேண்டாத விருந்தாளி. ஏற்றும்போது வரும் காய்ச்சல் நடுக்கம் பலவற்றுக்கும் காரணம் இதுதான். அதனால் வடிகட்டி எடுக்கிறார்கள். இதைவிட மோசமானது, சொந்தக்காரர் ரத்தத்தில் வருவது. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை தந்த ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே வேரூன்றி நோயாளியின் தோலையும் குடலையும் மஜ்ஜையையுமே தாக்கும். அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தங்காது. தவிர்க்கப் பைக்கு 25 கிரே அளவுக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். "எங்க ரத்தமே எங்க பிள்ளைக்குப் போகட்டும்" என்பதில் பாசம் புரிகிறது. ஊர் பேர் தெரியாதவர் ரத்தமே அதைவிடப் பத்திரம்.

வகை பொருத்துவதிலும் பகுதிக்குப் பகுதி விதி மாறும். சிவப்பணுவுக்கு ஓ நெகட்டிவ் அநேகமாக எல்லோருக்கும் போகும். பிளாஸ்மாவுக்குத் தலைகீழ், அங்கே ஏபிதான் பொதுக் கொடையாளர். 1952இல் பம்பாயில் பெண்டேயும் சகாக்களும் கண்டறிந்த பம்பாய் வகைக்காரருக்கு, ஓ வகைச் சிவப்பணுவிலும் இருக்கும் எச் பொருளே கிடையாது. மேலோட்டமான சோதனையில் ஓ என்று காட்டும். ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. கொடையாளர் அணுவை நோயாளி ரத்தத்தோடு கலந்து கிராஸ் மேட்ச் பார்க்கும்போதுதான் பிடிபடும். ஆனாலும் தவறான வகை ஏறுவதற்கு முதல் காரணம் அபூர்வ வகைகள் இல்லை. படுக்கையருகே பெயரைச் சரிபார்க்காமல் குழாயில் எழுதுவதும் பையை ஏற்றுவதும்தான்.

கடைசியாக, கொடுத்தவர் உடம்பில் என்ன ஆகிறது என்பது. பிளாஸ்மா ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணு திரும்ப நான்கு முதல் எட்டு வாரம். இரும்புதான் தாமதம். 350 மி.லி.யில், ஹீமோகுளோபின் 13 என்று வைத்தால், 45 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. ஒரு கிராமுக்கு 3.4 மி.கி. இரும்பு வீதம் 150 மி.கி. சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1-2 மி.கி.தான், அதிலும் பெரும்பங்கு அன்றாட இழப்புக்கே போய்விடும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்பதைத் தேதி மட்டும் பார்த்து எண்ணாமல் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்றும் பார்ப்பது இதற்காகத்தான். அடிக்கடி கொடுப்பவர்கள் கொண்டைக்கடலையோ கேழ்வரகோ சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். டீயையும் காபியையும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அவை இரும்பை உள்ளே விடாது.